சிசுவோக்காவில் ஒரு குளவி

டோக்கியோவிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் கடுகதிப் புகையிரதங்களுள் மிக விரைவானதாகிய ‘நொசோமி’ சிசுவோக்கா நகரில் நிற்பதில்லை. சற்று ஆறுதலாகச் செல்லும் ‘ஹிக்காரி’ வண்டியிலேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அந்நகரை அடைந்துவிடலாம். யப்பானில் உயர்கல்வி பயிலும் என் சகோதரியின் மகன், “மாமா, வலப்பக்கத்து யன்னலோரம் இருங்கள்” என்று முன்கூட்டியே எழுதியிருந்தான். அவன் சொற்படி இருந்தேன். அன்று வானம் துலக்கமாக இருந்தமையால் பூஜி மலை தன் வெண்ணிறத் தலையுடன் நெடுநேரம் எம்முடன் கூடவே வந்தது.

மலை மறைந்ததும் தேயிலைத் தோட்டங்கள் தென்படலாயின. மலைநாட்டுத் தேயிலையைக் கண்டு பழகிய நமக்கு இத்தோட்டங்கள் புதுமையாகத் தோன்றும். செடிகளை இயந்திரத்தாற் கத்தரிப்பதனால் வரிசைகள் யாவும் உருண்டு திரண்ட பச்சை அலைகளைப் போலக் கிடக்கின்றன. அவற்றினிடையே உயர்ந்த கம்பங்களில் விசிறிகள் பூட்டப்பட்டிருக்கின்றன. இளவேனிற் கால இரவுகளில் உறைபனி படிந்து கொழுந்து கருகாதிருக்க, மேலேயுள்ள வெப்பமான காற்றைக் கீழே தள்ளுவதற்காகவே அவை நிறுத்தப்பட்டுள்ளனவாம்.

ஆயினும் நான் சிசுவோக்காவுக்குச் சென்றது தேயிலையைக் காண்பதற்கன்று. விளையாட்டுக் கார்களைக் காண்பதற்கு. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் இதைச் சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும். முழுவதையும் வாசித்தபின் நகைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தச்சர்களின் நகரம்

புகையிரத நிலையத்தைவிட்டு வெளியே வந்தால், இது எத்தகைய நகரம் என்பதை வீதிகளே சொல்லிவிடுகின்றன. பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டியொன்றைத் திறந்தால் உதிரிப் பாகங்கள் யாவும் ஒரு சட்டத்தில் ஒட்டியபடி இருக்குமல்லவா? அதே தோற்றத்தில், தொலைபேசி, தபாற்பெட்டி முதலியவற்றின் பாகங்களைச் சட்டமிட்டு ஆளுயரச் சின்னங்களாக நகரில் நிறுத்தியிருக்கிறார்கள். யப்பானில் உருவாகும் பிளாஸ்டிக் மாதிரிகளிற் பெரும் பகுதி இம்மாகாணத்திலிருந்தே வெளிவருகின்றது என்பதே இப்பெருமைக்குக் காரணம்.

இதன் வேர் 17ஆம் நூற்றாண்டிலிருக்கிறது. தொகுகாவா இயெயாசு என்னும் பேராளர் ஆட்சிப் பொறுப்பைத் தம் மகனிடம் விட்டபின் இங்குள்ள சும்புக் கோட்டையில் வந்து தங்கினார். கோட்டையையும் செங்கென் ஆலயத்தையும் கட்டுவதற்காக நாட்டின் பல பாகங்களிலிருந்தும் தச்சரும் அரக்கு வேலைக்காரரும் வரவழைக்கப்பட்டனர். வேலை முடிந்த பின்னும் பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டனர். அவர்களுடைய கைத்திறன் பின்னர் தளபாடமாகவும், மரத்தாலான மாதிரி விமானமாகவும், ஈற்றிலே பிளாஸ்டிக் மாதிரியாகவும் உருமாறியது.

தமியா என்னும் நிறுவனத்தின் வரலாறும் இதுவே. 1946இல் யோஷியோ தமியா என்பவர் இந்நகரில் ஒரு மரஆலையை ஆரம்பித்தார். மரத்துண்டுகளைக் கொண்டு மாதிரிகள் செய்வது பக்கத் தொழிலாக இருந்தது. 1951இல் மரக்களஞ்சியம் தீக்கிரையானது. 1953இல் மர வியாபாரத்தைக் கைவிட்டு மாதிரித் தொழிலையே முழுத் தொழிலாகக் கொண்டனர். 1960இல் ‘யமாட்டோ’ போர்க்கப்பலை முதலாவது பிளாஸ்டிக் மாதிரியாக வெளியிட்டனர். யோஷியோவின் மகனான சுன்சாக்கு தமியா, போர்ஷ் காரொன்றைச் செம்மையாக மாதிரி செய்யவேண்டுமென்று உண்மையான போர்ஷ் கார் ஒன்றையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தார் என்பது இத்தொழிலில் யாவரும் அறிந்த கதை. அந்த உழைப்பின் பயனாக 1976இல் வானொலி அலையால் இயங்கும் முதலாவது தமியாக் கார், போர்ஷ் 934இன் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் வெளிவந்தது. சுன்சாக்கு 2025 யூலையில் தமது 90ஆவது வயதிற் காலமானார்.

அதன்பின் வந்த கார்களின் பெயர்களை அக்காலச் சிறுவர்கள் இன்றும் மறந்திலர். 1983இல் ‘தவளை’ வந்தது. 1984இல் ‘வெட்டுக்கிளி’யும் ‘குளவி’யும் வந்தன. ‘ஹோர்னெட்’ என்ற ஆங்கிலப் பெயரையே நான் இங்கு குளவி என்கிறேன். கரிய உடலும், முள்முள்ளாகப் பருத்த பின்ரயர்களும், தலைக்கவசம் அணிந்த சாரதிப் பொம்மையும் கொண்ட கார் அது. குண்டும் குழியுமான நிலத்தில் அது ஓடும்போது பின்பகுதி துள்ளித் துள்ளி எழும். அது வடிவமைப்பின் குறை என்பர் வல்லுநர். அதுவே அதன் அழகு என்பர் அதை வைத்திருந்தோர்.

இரண்டு கட்சிகள்

ஆண்டுதோறும் மே மாதத்தில் ‘ட்வின் மெஸ்ஸே’ என்னும் மண்டபத்தில் மாதிரிக் கண்காட்சி நடைபெறுகிறது. 1959இல் வியாபாரிகளுக்கான சந்தையாகத் தொடங்கிய இவ்விழாவுடன் 1990 முதல் மாதிரி அமைப்போர் கழகங்களின் கூட்டுக் கண்காட்சியும் சேர்ந்துகொண்டது. தாத்தா, தந்தை, பேரன் என்று மூன்று தலைமுறையினர் ஒரே மேசையைச் சூழ்ந்து நிற்பதை அங்கே பல இடங்களிற் கண்டேன்.

இப்பழைய கார்களைப் பற்றி இரண்டு கட்சிகள் இருக்கின்றன என்பதை அங்கேதான் அறிந்துகொண்டேன். ஒரு கட்சியார் காப்போர். நாற்பது ஆண்டுப் பெட்டியைத் திறக்கவும் அஞ்சுபவர்கள் இவர்களுட் சிலர். பெட்டியின் மூடியிலுள்ள ஓவியம், உள்ளே நெகிழிப் பையில் முத்திரை உடையாமலிருக்கும் ஆணிகள், மஞ்சளடையாத ஒட்டுப்படங்கள் ஆகிய யாவும் பிறந்த நிலையிலேயே இருத்தல் வேண்டும் என்பது இவர்கள் கொள்கை. “ஒரு முறை ஓடினால் ஒரு கீறல், ஒரு கீறல் விழுந்தால் அது வேறு கார்” என்றார் அங்கிருந்த ஒருவர்.

மற்றக் கட்சியார் மாற்றுவோர். பழைய காரில் இருந்த வேகக் கட்டுப்பாடு, ஒரு சிறு நெம்பு செப்புத் தகட்டின்மேல் உராய்ந்து மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் முறையிலானது. மிச்ச மின்சாரம் ஒரு தடையியிற் சூடாகி வீணாகும். அதை அகற்றி மின்னணுக் கட்டுப்பாட்டைப் பொருத்துகிறார்கள். பழைய 27 மெகாஹேட்ஸ் கருவியில் ஒரே அலைவரிசையுள்ள இரு கார்கள் பக்கத்திற் பக்கத்தில் ஓடினால் ஒன்றன் கட்டளையை மற்றொன்று கேட்கும். அதற்குப் பதிலாக, அத்தொல்லையற்ற 2.4 கிகாஹேட்ஸ் கருவியை வைக்கிறார்கள். இவ்வளவோடு நின்றால் பரவாயில்லை. சிலர் தூரிகையில்லாப் பெருவலு மோட்டாரையும் லிதியம் பற்றரியையும் பூட்டிவிடுவர். கார் அம்புபோற் பாயும். ஆனால் 1984ஆம் ஆண்டின் சாதாரண மோட்டாருக்காகச் செய்யப்பட்ட பற்சக்கரங்கள் அந்த வலுவைத் தாங்கமாட்டா. சில நிமிடங்களிற் பற்கள் மழுங்கி, கார் நின்ற இடத்திலேயே நின்று முனகும்.

இவ்விரு கட்சிகளுக்குமிடையில் ஒரு சமாதானம்போல நிறுவனமே பழைய கார்களை மீண்டும் வெளியிட்டு வருகிறது. குளவி 2004இல் மறுபிறவி எடுத்தது. அதனால் பழைய பெட்டிகளின் மதிப்புக் குறைந்தது என்று காப்போர் சிலர் குறைகூறுவர். ஆனால் உதிரிப் பாகங்கள் மீண்டும் கிடைப்பதனால், இறந்த கார்கள் பல எழுந்து ஓடுகின்றன என்பதும் உண்மையே.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மகன்

என் மருமகன் தங்கியிருந்த அறை ஒரு முதியவர் வீட்டின் மாடியிலே இருந்தது. எண்பதை அணுகும் வயது. இளமையில் தளபாடத் தச்சராக இருந்தவர். அன்று மாலை எங்களைத் தேநீருக்கு அழைத்தார். வீட்டின் நடு அறையில், இறந்தோரின் படம் வைத்து வணங்கும் மாடத்துக்கு அருகே, ஒரு கண்ணாடிப் பெட்டியினுள் குளவி இருந்தது.

படத்திலிருந்தவர் அவருடைய ஒரே மகன். ஆறு ஆண்டுகளுக்கு முன் நோயினாற் காலமானவர். 1984இல் தம் பதினோராவது வயதில் அவர் பூட்டிய கார் அது. பன்னிரண்டு வயதுடைய அவருடைய மகள் பாடசாலைச் சீருடையுடன் எங்களுக்கு இனிப்புக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. கண்ணாடிப் பெட்டியையும் என் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள்.

“என்ன வேண்டுமாம்?” என்று மருமகனைக் கேட்டேன்.

“மாமா, இவள் அந்தக் காரை ஓட்ட வேண்டுமென்கிறாள். கூட்டாளிகளின் கார்களோடு ஓடத்தக்கதாகப் புது மோட்டார் போட்டுத் தரும்படி என்னைக் கேட்டாள். தாத்தா சம்மதிக்கவில்லை. இரண்டு மாதமாக இந்த வீட்டில் இதுதான் வழக்கு.”

முதியவர் விடயத்தை ஊகித்துக்கொண்டார். மெதுவாகச் சொன்னதை மருமகன் மொழிபெயர்த்தான். “மேசை உடைந்தால் வேறு மேசை செய்வேன். என் மகன் செய்தது இது ஒன்றுதான். இதை நான் எப்படிச் செய்வேன்?”

சிறுமி தலையைக் குனிந்துகொண்டு பதிலளித்தாள். “அப்பா இதைப் பார்ப்பதற்காகச் செய்யவில்லை. ஓட்டுவதற்காகச் செய்தார். கடைக்குப் போய் இதைப் போலப் புதியது வாங்கலாம் என்கிறார் தாத்தா. எனக்கு அப்பாவின் கார்தான் வேண்டும்.”

யார் பக்கம் நியாயம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. விருந்தாளி வாய்திறவாதிருப்பதே மரியாதை என்று தேநீரைப் பருகினேன்.

உட்புறத்தில் கண்டவை

அப்போது என் மருமகன் ஒரு யோசனை சொன்னான். ஓட்டினாலும் சரி, ஓட்டாவிட்டாலும் சரி, ஒரு முறை திறந்து பார்ப்பது அவசியம். பழைய பற்றரிகளை உள்ளே விட்டிருந்தால் அவற்றிலிருந்து கசியும் உப்பு, செப்புத் தகடுகளை அரித்துத் தின்றுவிடும். றப்பர் ரயர்கள் அசைவின்றி ஒரே இடத்தில் பாரத்தைத் தாங்கி நின்றால் தட்டையாகி வெடிக்கும். சும்மா வைத்திருந்தால் கெடாது என்று எண்ணுவது தவறு என்றான். முதியவர் தச்சர் அல்லவா? பொருளின் இயல்பைப் பற்றிய பேச்சு அவருக்கு உடனே விளங்கியது. கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்.

கையிலெடுத்தபோது முன்ரயர்களின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தன. வானொலிக் கருவியிலிருந்த பற்றரிகள் வெண்ணிறமாகப் பூத்திருந்தன. காரின் மேலுடலைக் கழற்றித் திருப்பியதும் முதியவரின் கை நின்றுவிட்டது.

இக்காரின் மேலுடல் ஒளிபுகும் மெல்லிய பொலிகாபனேற்றால் ஆனது. அதற்கு வர்ணம் உட்புறமாகவே பூசப்படும். ஆகவே வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடிபோல வழுவழுப்பாக இருக்கும்; பூசியவனுடைய கைவண்ணம் உள்ளேதான் தெரியும். உட்புறத்தில் பதினொரு வயதுப் பையனின் தூரிகை சென்ற தடங்கள் யாவும் அப்படியே இருந்தன. ஓரிடத்தில் கறுப்பு மை போதாமற் போய், மீண்டும் தடிப்பாகப் பூசியிருந்தான். ஒரு மூலையில் பெருவிரலின் பதிவு.

அது மட்டுமன்று. மோட்டாருக்கு மேலாக ஒழுங்கற்ற ஐந்து துளைகள். மோட்டார் சூடேறாதிருக்கக் காற்றுப் புகட்டும் என்று அவன் தானே துளைத்தவை. சில்லுகளைக் கழற்றியபோது, பெட்டியோடு வந்த சாதாரண வளையங்களுக்குப் பதிலாகச் சிறு உருக்குக் குண்டுகள் கொண்ட பெயாரிங் வளையங்கள் இருந்தன. முன்புறத் தாங்கியின் அடியிலே ஒரு பழைய வெடிப்பு பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தது. பெட்டியின் அடியிலிருந்த விளக்கப் புத்தகத்தின் ஓரங்களில், அடுத்த மாதம் வாங்கவேண்டிய உதிரிகளின் பட்டியல் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. பட்டியலின் கடைசிச் சொல்லை என் மருமகன் வாசித்தான்: “இன்னும் வேகமான மோட்டார்.”

சிறுமி வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த கணம் அழுதாள். முதியவர் இரண்டும் செய்யவில்லை. துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். “என் துளைக்கருவியை என்னைக் கேளாமல் எடுத்திருக்கிறான்” என்றார்.

எதைக் காப்பது?

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நாற்பது ஆண்டுகளாகக் காக்கப்பட்டது என்று நாம் எண்ணிய கார், உண்மையில் மாற்றப்பட்ட கார். அதைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுவந்தால், சேகரிப்போர் மெச்சக்கூடும். ஆனால் அந்த ஐந்து துளைகளும் இல்லாத குளவி யாருடைய குளவி? மறுபுறம், அதில் வலுமிக்க மோட்டாரைப் பூட்டி, ஒரு மாலைப் பொழுதிற் பற்சக்கரங்களை நொறுக்கிவிட்டால், மகளுக்குத் தந்தையின் கார் எங்கே?

யப்பானிலே இசே என்னுமிடத்திலுள்ள பேராலயத்தை இருபது ஆண்டுகளுக்கொரு முறை பக்கத்து நிலத்தில் முற்றிலும் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013இல் 62ஆவது முறையாகக் கட்டினார்கள். மரம் புதிது, கட்டும் கை புதிது, முறை மட்டும் பழையது. அதே நாட்டிலே ஹொர்யூஜி ஆலயத்தின் பழைய மரத்தூண்களை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகப் பேணி வருகிறார்கள். ஒரே நாடு இரண்டு வழியையும் போற்றுகிறது. நம் ஊர்த் தேரையும் எண்ணிக்கொண்டேன். சில்லுப் பழுதானால் சில்லை மாற்றுவோம். அச்சு முறிந்தால் அச்சை மாற்றுவோம். சிற்பத்தில் மட்டும் எளிதிற் கைவையோம். ஏனெனில் ஓடாத தேரைத் தேர் என்று யாரும் வடம் பிடிப்பதில்லை.

காலையில் இதை மருமகனிடம் கூறினேன். அவன் சிரித்து, “மாமா, இங்குள்ள பழைய கைகாரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். திரும்பக் கழற்றக்கூடிய எதையும் பூட்டலாம், திரும்ப மூடமுடியாத துளையைப் போடக்கூடாது” என்றான்.

அவ்வழியே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. தந்தை பூசிய மேலுடல் கண்ணாடிப் பெட்டிக்கே திரும்பும். ஓட்டத்துக்கு மறுவெளியீட்டின் புதிய மேலுடலொன்றை வாங்கிச் சிறுமியே வர்ணம் பூசுவாள். வெடித்த ரயர்கள், பழைய வானொலிக் கருவி, செப்புத் தகட்டு வேகக் கட்டுப்பாடு ஆகியவற்றைக் கழற்றி, இன்னது இன்ன இடத்திலிருந்தது என்று எழுதி ஒரு பெட்டியில் வைப்பது. அடிச்சட்டமும், மோட்டாரும், தந்தை பூட்டிய பெயாரிங் வளையங்களும் அப்படியே இருக்கும். வேகமான மோட்டார் வேண்டாம் என்று சிறுமியே சொன்னாள். “அப்பாவுக்கும் அது கிடைக்கவில்லைதானே” என்றாள். முதியவர் முழு மனத்தோடு சம்மதித்தார் என்று நான் எழுதினால் அது பொய்யாகும். தலையை அசைத்தார், அவ்வளவே.

நான் புறப்படும் நாளுக்கு முந்திய மாலையில், வீட்டின் பின்னாலிருந்த ஆற்றங்கரை மண் திடலுக்கு எல்லோரும் போனோம். உட்புறத்தில் சிறுமியின் தூரிகைத் தடம் பதிந்த புதிய கறுப்பு உடலோடு குளவி நிலத்தில் வைக்கப்பட்டது. பழைய மோட்டார் முதலில் சற்றுத் திணறியது. பின்னர் உறுமியது. கார் பாய்ந்து, பின்பகுதி துள்ளித் துள்ளி, புழுதி கிளப்பிக்கொண்டு ஓடியது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் எவ்விதம் துள்ளியதோ அவ்விதமே துள்ளியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

மூன்றாவது சுற்றில் சிறுமி திருப்பப் பிந்திவிட்டாள். கார் ஒரு கல்லிற் போய் மோதியது. எடுத்துப் பார்த்தபோது முன்புறத் தாங்கி பழைய பசைத் தழும்பிலேயே மீண்டும் வெடித்திருந்தது. சிறுமியின் முகம் வெளிறியது. நாங்கள் எல்லோரும் முதியவரைப் பார்த்தோம்.

அவர் காரை வாங்கி, வெடிப்பை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் நோக்கினார். பின்னர் ஏதோ சொல்லிவிட்டு, காரைப் பேத்தியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“என்ன சொன்னார்?” என்று கேட்டேன்.

“‘உன் அப்பனும் இதே இடத்திலேதான் உடைத்தான். பசை என்னிடம் இருக்கிறது’ என்கிறார், மாமா.”

மறுநாட் காலை ‘ஹிக்காரி’ வண்டியில் டோக்கியோ நோக்கித் திரும்பினேன். இம்முறை பூஜி மலை முகிலுக்குள் மறைந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, அலுமாரியின் மேல்தட்டில் என் தகப்பனார் விட்டுச்சென்ற பழைய கைக்கடிகாரத்தை எடுத்தேன். இருபது ஆண்டுகளாகத் துணியிற் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தேன். ஒரு நாளாவது திறந்து பார்த்ததில்லை. இப்போது அதைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்திருக்கிறேன். முகப்பையும் முட்களையும் மாற்றவேண்டாம் என்றும், கழற்றும் பழைய உதிரிகளை எறியாமல் என்னிடம் தரும்படியும் சொல்லியிருக்கிறேன்.